அரக்கும் மெரூனும்

தோற்பது எனக்கு ஆகாது. இப்போதும் அப்படித்தான். அலுவலகத்தில் மத்தியான இடைவேளையில் கேரம் ஆடித் தோற்றால், அன்று சாயங்காலம்வரை ஜெயித்தவரோடு பேச மாட்டேன். முப்பது வயது தாண்டியவள் செய்கிற வேலையா இது என்று என் கணவர் கேட்பார். அவருக்குத் தோற்றுப் பழக்கம். ஒன்பது வயதில் இந்தக் குணம் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் சித்திக்கு நான் செய்ததை ஏதோ ஒரு துஷ்டக் குழந்தை செய்ததாக நினைத்துக்கொள்வீர்கள். நான் துஷ்டக் குழந்தை இல்லை. தோற்கப் பிடிக்காத குழந்தை, அவ்வளவுதான்.

மந்தைவெளிக்குப் பின்னால், கால்வாயை ஒட்டிய ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, துணி காயப்போட ஒரு வராந்தா. அப்பா வடபழனி டிப்போவில் பஸ்களுக்கு அடியில் படுத்து வேலை செய்பவர். அம்மா அடையாறில் இரண்டு வீடுகளில் சமைத்தாள். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்துநான்கு வயது இருக்கும். தியாகராய நகரில் ஒரு மேட்சிங் சென்டரில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அதனால் அவள் எங்கள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கவில்லை, குடியிருந்தாள். அப்பா எங்கள் எல்லோரையும் அதட்டுவார், சித்தியை மட்டும் அதட்ட மாட்டார். கல்யாணப் பேச்சை எடுத்தால், "கடைய வுட்டுட்டு வரச் சொல்லாத மாப்பிள்ளையா பாரு, பண்ணிக்கிறேன்" என்பாள். அந்தக் கடை அவளுக்கு அப்படி.

மேட்சிங் சென்டர் என்றால் புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி மட்டும் விற்கிற கடை. தரையிலிருந்து கூரைவரை அலமாரி, அலமாரி நிறையச் சுருள் சுருளாகத் துணி. பச்சைக்கு ஒரு சுவர், நீலத்துக்கு ஒரு சுவர், சிவப்புக்கு ஒன்றரைச் சுவர். வருகிறவர்கள் பைக்குள்ளிருந்து புடவையை எடுத்துக் கொஞ்சம்போல் வெளியே நீட்டுவார்கள். கவுண்டரில் நிற்கும் பெண் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஒரு சுருளை உருவ வேண்டும். மற்ற பெண்கள் நாலைந்து சுருள்களை உருவிப் போட்டு, புடவையின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். சித்தி ஒன்றுதான் உருவுவாள். அதற்கு முன்னால் புடவையை வாங்கிக்கொண்டு கடை வாசற்படியில் போய் வெயிலில் ஒரு தடவை பார்ப்பாள். "டியூப்லைட்டு பொய் சொல்லும், வெயிலு சொல்லாது" என்பது அவள் கட்சி. அவள் கையால்தான் துணி எடுக்க வேண்டும் என்று காத்திருந்து வாங்கிப் போகிறவர்கள் உண்டு. முதலாளியே வேறு கடைக்காரர்களிடம் அவளைக் காட்டி, கண்ணுன்னா இதுதான் கண்ணு என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு நிறங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் சிவப்பு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சித்தியிடம் குங்குமம், தக்காளி, மிளகாய்ப்பழம், மாதுளை, செங்கல், செம்பருத்தி, மெரூன், அரக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. கடையில் மிச்சம் விழும் துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்து வருவாள். வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நான் தூக்கிப் பிடித்துப் பெயர் சொல்ல வேண்டும். நடுநடுவே வேண்டுமென்றே தப்பாகச் சொல்லலாம். அவள் கண்டுபிடித்தால் தலையில் ஒரு கொட்டு. கண்டுபிடிக்காவிட்டால் நான் அவளைக் கொட்டலாம். இதற்குப் பொய் ஆட்டம் என்று பெயர். இரண்டு வருஷமாக ஆடினோம். நான் ஒரு தடவைகூட அவளைக் கொட்டியதில்லை. இது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது சித்தி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கண்ணாடி பார்ப்பதைச் சில நாள் பார்த்தேன். கண்ணை உருட்டினால் வலிக்கிறது என்றாள். இலவசக் கண் முகாமில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் வலி போய்விட்டது. அடுத்த வருஷம் மற்ற கண்ணிலும் அதே வலி வந்தது, போனது. வலி போனதும் வியாதியும் போய்விட்டது என்பது எங்கள் வீட்டு வைத்தியம். அவளுக்குப் போகவில்லை. சிவப்பு மட்டும் அவளைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. வெளுத்துவிட்டது, துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணி மாதிரி ஆகிவிட்டது என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. நிறம் தெரியாத பெண்ணை நிறம் பார்க்கிற வேலையில் யார் வைத்துக்கொள்வார்கள்?

கடையில் அவள் எப்படிச் சமாளித்தாள் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எந்தச் சுருள் எந்தத் தட்டில் எத்தனையாவது என்று அவள் கைக்குத் தெரியும். தெரியாதது வருகிறவர்களின் புடவைதான். அதற்கு அவர்களையே கேட்டாள். "அக்கா, இத நீங்க இன்னா கலருன்னு சொல்லுவீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாளாம். பட்டுப் புடவை வாங்கிய யாருக்கும் அதன் நிறத்தைச் சொல்லக் கசக்காது. அரக்கு என்பார்கள், சித்தி திரும்பி அரக்கு இருக்கும் தட்டிலிருந்து உருவுவாள். மரியாதையான பெண் என்று பெயர்கூட வாங்கினாள். இருந்தும் ஒரு தடவை சறுக்கியது. யாரோ சிவப்பு என்று மொட்டையாகச் சொல்லிவிட, இவள் ஏதோ ஒரு சிவப்பை எடுத்துக் கொடுத்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். சித்தி அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள்.

கண் மங்குகிறது என்று மட்டும் சித்தி அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா அதற்கு ஒரு காரணமும் ஒரு மருந்தும் வைத்திருந்தாள். "எல்லாம் ஒடம்பு சூடுடி. நாள் பூரா அந்த லைட்டு கீழ நின்னுக்கினு கீற. எண்ண வெச்சிக் குளி, கண்ணு குளுந்துரும்."

செவ்வாய்க்கிழமை சித்திக்கு வார விடுமுறை. பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளும் அதுதான். அதனால் செவ்வாய் தவறாமல் அம்மா காலையில் நல்லெண்ணெய் காய்ச்சி அவள் உச்சந்தலையில் வைத்து அரக்குவாள். பிறகு அண்டாவில் தளதளவென்று கொதிக்கிற வெந்நீரைக் கொஞ்சமே கொஞ்சம் விளாவி, சீயக்காய் போட்டு ஊற்றுவாள். மே மாதத்திலும் இது உண்டு. குளித்து வந்த சித்தி சிவந்துபோய், கால் தள்ளாட, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பாயில் விழுவாள். "பாத்தியா, சூடு எறங்குது" என்பாள் அம்மா. செவ்வாய்க்கிழமைகளில்தான் அவளுக்குக் கண் மிகவும் மங்கியது. அடுத்த செவ்வாய் அம்மா தண்ணீரை இன்னும் கொஞ்சம் கொதிக்கவிடுவாள்.

இது எல்லாவற்றுக்கும் விளக்கம் அந்த வருஷம் மழைக்காலத்தில்தான் கிடைத்தது. சித்திக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், படியில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து வந்தபோது, அப்பா பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்களாம். நரம்புகளுக்கு மேல் ஒரு உறை இருக்கிறது. அது இருந்தால்தான் செய்தி சிந்தாமல் வேகமாகப் போகும். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் அந்த உறையையே அரிக்கிறது. சித்திக்குக் கண் நரம்பில் ஆரம்பித்து இப்போது முதுகுத்தண்டுக்கு வந்திருக்கிறது. உடம்பு சூடேறினால் உறை போன நரம்பு இன்னும் மந்தமாகும், ஆறினால் கொஞ்சம் தேறும். வெந்நீரில் குளிக்கவே கூடாது. அம்மா அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நானே என் கையால ஊத்தி ஊத்தி அவ கண்ண அவிச்சேனே!" வெந்நீரால் இந்த வியாதி வராது, அது அப்போதைக்கு மங்கவைக்கும், அவ்வளவுதான் என்று டாக்டரம்மா எத்தனையோ சொல்லியும் அம்மா கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் நரம்பு வியாதி என்றால், பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸ்தான் எல்லோருக்கும் ஞாபகத்துக்கு வரும். அதனால் அம்மா அக்கம்பக்கத்தில், "கண்ணுல பவர் கீதாம்" என்று சொல்லிவைத்தாள். ஐந்து நாள் ஊசியில் சித்திக்குக் காலும் தேறியது, சிவப்பும் முக்கால்வாசி திரும்பியது. பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது வரும், ஊசி போடுவார்கள், தேறுவாள். இப்போது பழைய போர்டு வீட்டுக்குப் பதிலாகப் பெரும்பாக்கத்தில் எங்களுக்கு ஒதுக்கிய வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். தடி வைத்துக்கொண்டு நடக்கிறாள். என்னைவிட நன்றாகச் சிரிக்கிறாள். ஆனால் ஊசி போட்டுச் சிவப்பு திரும்பியபோது கடை வேலை போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அது என்னால் போனது.

மே மாதம், பள்ளி விடுமுறை. கடைக்குப் புதிதாக ஒரு மில்லின் சரக்கு வந்திருந்தது. சித்தி ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். பழைய சுருள்களை இடம் மாற்றிப் புதியவற்றை அடுக்கிவிட்டார்கள். கைக்குத் தெரிந்ததெல்லாம் போய்விட்டது. புதுச் சுருள்களின் ஓரத்தில் நிறத்துக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான். மில்லிலிருந்து ஒரு ஷேடு கார்டு அனுப்பியிருந்தார்கள். தடித்த அட்டையில் விரல்நகம் அளவுக்குத் துணித் துண்டுகளை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே எண் போட்டிருக்கும். சித்தி அதைக் கேட்டு வாங்கி, படித்துவிட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். விடுமுறை நாளிலும் வேலையைப் பற்றி நினைக்கிற பெண் என்று முதலாளி சந்தோஷப்பட்டிருப்பார்.

அன்று செவ்வாய்க்கிழமை. எண்ணெய், வெந்நீர், பாய் எல்லாம் ஆகி, அம்மா அடையாறுக்குப் போய்விட்டாள். மூன்று மணிக்குச் சித்தி எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். மடியில் ஷேடு கார்டு, கையில் ஒரு குட்டி நோட்டு, பேனா.

"வா இங்க. நான் நம்பர் சொல்றேன், நீ கலர் சொல்லு. நான் எழுதிக்கிறேன்."

"பொய் ஆட்டமா?"

"அதெல்லாம் வேணாம் இன்னிக்கி. எல்லாம் நெசமா சொல்லணும், இன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டம் இல்லை என்று சொல்லி என்னை அசரவைத்து, பிறகு கொட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என்னை என்ன அவ்வளவு மக்கு என்று நினைத்துவிட்டாளா? முந்தின வாரம்தான் பச்சையிலும் நீலத்திலுமாக ஒரே சாயங்காலத்தில் ஆறு கொட்டு வாங்கியிருந்தேன். இன்றைக்கு எப்படியாவது ஒரு பொய்யை அவளிடம் தள்ளிவிடுவது என்று முடிவு கட்டினேன். அதற்காக முதல் இரண்டு வரிசையை ஒழுங்காகச் சொல்லி வந்தேன். மிளகாய்ப்பழம், தக்காளி, குங்குமம். அவள் ஒவ்வொன்றாக எழுதினாள். மூன்றாவது வரிசையில் எனக்கு வேண்டியது இருந்தது. அரக்கும் மெரூனும் ஒரே வரிசையில். சிவப்பிலேயே கஷ்டமான ஜோடி அதுதான். ஒன்றில் கொஞ்சம் கறுப்பு எட்டிப் பார்க்கும், மற்றதில் கொஞ்சம் பழுப்பு. அதைக்கூட அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"எர்நூத்திப் பன்னெண்டு?"

"மெரூன்" என்றேன். அது அரக்கு.

சித்தி அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். ஒரு கண்ணை மூடினாள், பிறகு மற்றதை மூடினாள். நான் தலையைக் குனிந்து கொட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். கொட்டு விழவில்லை. அவள் எழுதிக்கொண்டாள்.

"எர்நூத்திப் பதினேழு?"

"அரக்கு."

அதையும் எழுதிக்கொண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. இரண்டு வருஷம்! இரண்டு வருஷத்தில் முதல் தடவை சித்தியை ஏமாற்றிவிட்டேன். கார்டு முழுவதும் முடியட்டும், அப்புறம் எழுந்து நின்று கத்திக்கொண்டே இரண்டு கொட்டு கொட்டலாம் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கடைசி எண்ணையும் எழுதி முடித்து நோட்டை மூடியவள், என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி முத்தம் வைத்தாள். அவள் அப்படியெல்லாம் கொஞ்சுகிறவள் இல்லை.

"ஒரு பொய்கூட சொல்லாம சொன்ன பாரு, நீதான் என் செல்லம். சனிக்கெழம சாயந்தரம் கடைக்கு வா. வேல முடிஞ்சதும் ஸ்கூலுக்குப் புதுப் பை வாங்கித் தரேன்."

என் பழைய பையின் ஜிப் போய் ஊக்கு போட்டு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் கொட்டு எனக்குக் கிடைக்கும், பை கிடைக்காது. பை வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கணக்கு எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். தி.நகர் வழக்கம்போல் பிதுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்தபோது கவுண்டரில் சத்தம் கேட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மாமி, கூட அவர் பெண்ணாக இருக்க வேண்டும், இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடி மேஜையின் மேல் ஒரு பட்டுப் புடவை கிடந்தது. அதன் மேல் வெட்டிய ரவிக்கைத் துண்டுகள். கை தனி, முதுகு தனி. எதிர்ப்பக்கம் சித்தி நின்றாள். பக்கத்தில் முதலாளி. அவர் தடித்த, சாதுவான மனிதர். நெற்றியில் திருநீறு.

"அரக்குப் புடவைன்னு வாயால சொல்லிண்டே குடுத்தேன். மெரூனைக் குடுத்திருக்கேளே! ஆத்துல வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தா ரெண்டும் ஒட்டவே இல்லை. நாத்தனார், ஓர்ப்படி, மன்னின்னு எட்டு பேருக்கு ஒரே மாதிரி எடுத்தது. டெய்லர் எட்டையும் வெட்டிட்டான். புதன்கிழமை கல்யாணம்! இந்தப் பொண்ணு எடுத்தா சரியா இருக்கும்னுதானே நாங்க திருப்பிக்கூடப் பார்க்கலை?"

புடவையைப் பார்த்தேன். ரவிக்கைத் துண்டைப் பார்த்தேன். கொட்டு விழாமல் தப்பிய என் பொய் இங்கே வந்து கிடந்தது.

சித்தி தலையைக் குனிந்துகொண்டு, "கூட்டத்துல அவசரமா எடுத்தேன் சார். கை மாறிப்போச்சு. தப்புதான்" என்றாள்.

நான் எதிர்பார்த்த மாதிரி முதலாளி கத்தவில்லை. சித்தியை ஒரு தடவை பார்த்தார். பிறகு மாமியிடம் திரும்பினார். "அம்மா, முகூர்த்த சீசன். அன்னைக்கி கடையில நிக்க எடம் இல்ல, நீங்களே பாத்தீங்க. எட்டு துணியும் மாத்தித் தரேன். தையல்காரர்ட்ட நானே பேசுறேன், செவ்வாய்க்குள்ள தெச்சு வாங்கித் தாறது என் பொறுப்பு. இந்தப் பிள்ள இத்தன வருசம் உங்களுக்குத் தப்பா எடுத்துத் தந்திருக்கா?" மாமிக்கும் கோபம் இறங்கத் தொடங்கியிருந்தது. "அவ நல்ல பொண்ணுதான், நான் இல்லேங்கலை. ஆனா கொஞ்சம் கண்ணால பார்த்து எடுக்கப்படாதோ?" என்றார். முதலாளி சித்தியிடம், "சரி, போகட்டும். இனிமே நிதானமா செய்யி. அரக்கு எடுத்து எட்டா வெட்டு" என்றார்.

அதோடு முடிந்துவிட்டது. அந்தப் பிரச்சினை அங்கே தீர்ந்துவிட்டது. அவள் வேலை அவளிடமே இருந்தது.

ஆனால் நான் சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அவளைப் பார்த்துக் கண்ணால் பார்த்து எடுக்கக் கூடாதா என்று ஒருத்தர் கேட்பதா? என் சித்தியையா? எனக்குத் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்பு என்று ஒன்று இருந்தது. தப்பு செய்தால் தைரியமாக எழுந்து ஒத்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொண்டால் எல்லோரும் மன்னித்துப் பாராட்டுவார்கள் என்று டீச்சர் வாராவாரம் சொல்வார். பை போனால் போகட்டும் என்று நினைத்தேன். ஒன்பது வயதில் அது சின்ன தியாகம் இல்லை.

"சித்தி மேல தப்பு இல்ல சார்" என்றேன் சத்தமாக. "நான்தான் வேணும்னே மாத்திச் சொன்னேன். எர்நூத்திப் பன்னெண்டுதான் அரக்கு. நான் எர்நூத்திப் பதினேழுன்னு சொன்னேன். சித்தி அதத்தான் எழுதினாங்க."

பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

முதலாளி என்னைப் பார்த்து, "நீ எங்கே சொன்னே, பாப்பா?" என்று கேட்டார்.

"வீட்ல. கார்டப் பாத்து. எல்லா செவப்பும் நான்தான் சொன்னேன். மத்ததெல்லாம் கரெக்டா சொன்னேன் சார், அந்த ரெண்டு மட்டும்தான்."

அவர் சித்தியின் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாத குரலில்தான் கேட்டார். "ஏம்மா, கார்டு உன் கையிலதானே இருந்துச்சி? பிள்ளை எதுக்குப் பாத்துச் சொல்லணும்?"

சித்தி கவுண்டரின் கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி அலமாரிப் பக்கம் போனார். இரண்டு சுருள்களை உருவிக்கொண்டு வந்து, இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்றாகத் தூக்கிப் பிடித்தார். டியூப்லைட் வெளிச்சம்தான். இருந்தாலும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. இடது கையில் அரக்கு. வலது கையில் மெரூன்.

"இதுல அரக்கு எதும்மா?"

சித்தி அவர் கைகளைப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடப் போனவள் மூடாமல் விட்டாள். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வராந்தாவில் எத்தனையோ தடவை பார்த்த பார்வைதான். சொல்லேன் என்கிற பார்வை. எனக்குப் புரிந்தது. ஆனால் அன்றைக்கு நான் திருந்திய குழந்தை. இது பெரியவர் வைக்கிற பரீட்சை. பரீட்சையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, கண்ஜாடை காட்டினால்கூடத் தப்பு என்றும் டீச்சர் சொல்லியிருந்தார். சித்திக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா, ஊருக்கே சொல்லிக்கொடுப்பவள் ஆயிற்றே என்று நினைத்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படக் கூடாது என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முகத்தையும் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

முதுகுக்குப் பின்னால் சித்தியின் குரல் கேட்டது. "வலது கை."

மாமி மெதுவாக, "ஐயோ, பாவமே" என்றார்.

முதலாளி சுருள்களைக் கீழே வைத்தார். அன்றையிலிருந்து நான் அவரைத் திட்ட முயன்று பார்த்திருக்கிறேன், முடியவில்லை. "எத்தன நாளாம்மா?" என்று கேட்டார். "நல்ல டாக்டரா பாத்து கண்ணக் காட்டு. சரியாச்சுன்னா வந்து சொல்லு. இந்த மாசச் சம்பளம் முழுசா வாங்கிக்க" என்றார். வேறு ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அரக்கு வெட்டச் சொன்னார். சித்தி கவுண்டருக்கு அடியிலிருந்து தன் டிபன் பாக்ஸையும் செருப்பையும் எடுத்துக்கொண்டாள். ஆறு வருஷம் நின்ற இடத்திலிருந்து வெளியே வர அவளுக்கு அவ்வளவுதான் நேரம் ஆனது.

எனக்குக் குழப்பமாக இருந்தது. உண்மையைச் சொன்ன பிறகும் ஏன் யாரும் சந்தோஷமாக இல்லை? சித்தி ஏன் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள்? நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தானே பழியை ஏற்றுக்கொண்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

பையை வாங்கித்தான் தந்தாள். நான் கேட்கவில்லை. பிளாட்பாரக் கடையில் மலைமாதிரி குவிந்திருந்த பைகளின் முன்னால் நின்று, "உனுக்குப் புடிச்ச கலரா பாத்து நீயே எடுத்துக்க" என்றாள். நான் நீலம் எடுத்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்து, ஜிப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து வாங்கினாள்.

மந்தைவெளி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் அவள் பக்கத்தில். திட்டுவாள் என்று பயந்திருந்தேன். திட்டவில்லை. முந்தானையால் ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஆழ்வார்பேட்டை தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அவரு வலது கையில புடிச்சிக்கினு இருந்தாரே, அது இன்னா கலரு?"

"மெரூன்."

"நெசமா?"

"நெசமா. அரக்கு இடது கையில இருந்துச்சி."

அவள் என் தலையில் கை வைத்து, "கரீட்டா சொன்ன" என்றாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. கடையில் தைரியமாக உண்மையைச் சொன்னது ஒன்று, இப்போது பதில் சொன்னது ஒன்று, இரண்டிலும் நான் ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் மந்தைவெளி வரும்வரை ஜன்னல் சீட்டைக் கேட்டுச் சண்டைகூடப் போடவில்லை.